எழுதியவர் முன்னே, வரைந்தவர் பின்னே: குழந்தை நூற் பரிசுகளின் வரலாறு

முதல் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு படநூலைக் கொடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். எழுத்தறியாத அப்பிள்ளை, நூலைத் திறந்த உடனே படிக்கத் தொடங்கிவிடுகிறது. அது படிப்பது படத்தை. மரத்தின்மேல் இருப்பது காகம் என்கிறது. கீழே நிற்பது நரி என்கிறது. காகத்தின் வாயில் இருப்பதை நரி பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறது. கதையின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. எழுத்துக் கற்றபின் மற்றப் பாதியை அது படித்துக்கொள்ளும். ஆகவே குழந்தை நூலுக்கு ஆசிரியர் இருவர் என்பது தெளிவு. சொல்லால் எழுதியவர் ஒருவர்; கோட்டால் எழுதியவர் மற்றவர்.

ஆயினும், குழந்தை நூல்களுக்குப் பரிசு வழங்கும் வழக்கம் உலகில் தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர், இவ்விருவரும் ஒரே நாளில் மேடைக்கு அழைக்கப்படவில்லை என்பதைக் காண்பர். புகழ்பெற்ற பரிசுகள் பலவற்றில் எழுதியவரே முதலில் அழைக்கப்பட்டார். வரைந்தவர் பல ஆண்டுகள் கழித்தே அழைக்கப்பட்டார். இன்னும் அழைக்கப்படாத இடமும் உண்டு. இவ்விடைவெளி எவ்வாறு ஏற்பட்டது, எவ்வாறு குறைந்தது என்பதை அறிந்துகொள்வது, நாள்தோறும் குழந்தைகளுக்கு நூல்களை அறிமுகம் செய்யும் ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

புத்தக வணிகர் பெயரில் ஒரு பதக்கம்

குழந்தை இலக்கியத்துக்கென உலகில் முதன்முதலாக ஏற்பட்ட பரிசு என்று போற்றப்படுவது அமெரிக்காவின் நியூபெரிப் பதக்கம் ஆகும். அதற்கு வித்திட்டவர் பிரெடரிக் மெல்ச்சர் என்பவர். இளமையில் புத்தகக் கடைகளில் பணியாற்றியவர். பின்னர் நூல் வணிகத்துக்கென வெளிவந்த 'பப்ளிஷர்ஸ் வீக்லி' என்னும் வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர். குழந்தைகளுக்கு நல்ல நூல்கள் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு 1919-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'குழந்தைகள் நூல் வாரம்' என்னும் இயக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

1921-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சுவாம்ப்ஸ்காட் என்னும் ஊரில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு கூடியது. குழந்தைகள் பிரிவு நூலகர்கள் அமர்ந்திருந்த கூட்டத்தில் மெல்ச்சர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆண்டுதோறும் வெளிவரும் குழந்தை நூல்களுள் தலைசிறந்த ஒன்றுக்குப் பதக்கம் வழங்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நூலகர்களே ஏற்க வேண்டும். பதக்கத்தைத் தாம் அளிப்பதாகவும் கூறினார். கவிதைக்கும் நாடகத்துக்கும் நாவலுக்கும் கிடைக்கும் மதிப்பு, குழந்தைகளுக்கென எழுதப்படும் நூலுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. நூலகர்கள் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டனர்.

பதக்கத்துக்கு மெல்ச்சர் தேர்ந்த பெயர் ஜான் நியூபெரி என்பதாகும். நியூபெரி 1713-இல் இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் புத்தகக் கடை வைத்து நடத்தியவர். 1744-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஒன்று, குழந்தைகள் மகிழ்ந்து படிப்பதற்கென்றே அச்சிடப்பட்ட தொடக்ககால நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நூலின் விலை ஆறு பென்ஸ். இரண்டு பென்ஸ் கூட்டிக் கொடுத்தால் பையனுக்கு ஒரு பந்தும், பெண்ணுக்கு ஓர் ஊசி குத்தும் மெத்தையும் சேர்த்துக் கிடைத்தன. நியூபெரி மருந்து விற்றவருங்கூட. அவர் 1765-இல் வெளியிட்ட ஒரு கதையில், கதைத்தலைவியின் தந்தை அவர் விற்ற காய்ச்சல் பொடி கிடைக்காமையால் இறந்துபோகிறார். வணிகத் தந்திரத்தை என்னென்பது! எனினும், குழந்தையின் மகிழ்ச்சிக்கென்றே ஒரு நூல் வேண்டும் என்று எண்ணிச் செயலாற்றியவர் அவர். அக்காரணம் பற்றியே அவர் பெயர் நிலைத்தது.

முதற் பரிசு 1922-இல் வழங்கப்பட்டது. நூலகர்கள் அளித்த 212 வாக்குகளில் 163 வாக்குகளைப் பெற்றது, ஹெண்ட்ரிக் வில்லெம் வான் லூன் எழுதிய 'மனித குலத்தின் கதை' என்னும் வரலாற்று நூல். ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வான் லூன், அந்நூலுக்கு வேண்டிய படங்களையும் தாமே வரைந்தார். ஆக, முதற் பரிசு பெற்றவரே எழுத்தும் கோடும் ஒருங்கே கைவந்தவர். ஆனால் பதக்கம் நோக்கியது அவருடைய எழுத்தையே.

ஒரு பொம்மையின் கதை

தொடக்கத்தில் இக்குறை எவர் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. 1928-ஆம் ஆண்டின் பதக்கம் தன் கோபால் முகர்ஜி என்னும் வங்காளியருக்குக் கிடைத்தது. கல்கத்தாவின் அருகே பிறந்து அமெரிக்காவுக்குச் சென்று ஆங்கிலத்தில் எழுதிய அவர், முதல் உலகப் போரில் தூது சுமந்து பறந்த ஒரு புறாவின் கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னார். அப்புறாவுக்குக் கண்முன் உருவம் கொடுத்தவர் போரிஸ் ஆர்ட்சிபாஷெப் என்னும் உருசிய ஓவியர். பரிசுப் பட்டியலில் முகர்ஜியின் பெயர் மட்டுமே உண்டு.

இதனினும் தெளிவான சான்று 1930-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. ரேச்சல் பீல்ட் என்பவர் எழுத்தாளர். டோரதி லேத்ராப் என்பவர் ஓவியர். இருவரும் தோழியர். நியூயார்க் நகரத்துப் பழம்பொருட் கடை ஒன்றில் இருந்த பழைய மரப்பொம்மை ஒன்று இருவர் மனத்தையும் கவர்ந்தது. இருவரும் பணம் சேர்த்து அதனை வாங்கினர். அப்பொம்மை தன் நூறாண்டு வாழ்வைத் தானே சொல்வது போன்ற கதை பிறந்தது. ஒருவர் எழுதினார், மற்றவர் வரைந்தார். பொம்மை இருவருக்கும் பொது. நூலும் இருவர் உழைப்பு. 1930-ஆம் ஆண்டின் நியூபெரிப் பதக்கமோ பீல்டுக்கு மட்டுமே உரியதாயிற்று.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. விதி எழுத்தாளருக்கென்றே எழுதப்பட்டிருந்தது. தேர்வுக் குழு விதியைப் பின்பற்றியது. ஆனால் விதியிலேயே ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியை வெளிச்சமிட்டுக் காட்டியவை பூனைகள்.

வாண்டா காக் என்னும் அம்மையார் மின்னசோட்டா மாநிலத்தில் 1893-இல் பிறந்தவர். உடன் பிறந்தார் எழுவருள் மூத்தவர். ஓவியராகிய தந்தையைப் பதினைந்தாம் வயதில் இழந்து, தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர். 1928-இல் அவர் எழுதி வரைந்து வெளியிட்ட 'கோடிக்கணக்கான பூனைகள்' என்னும் நூலில், சொற்களும் படங்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் தனித்தனியே நிற்கவில்லை. மலையும் வழியும் பூனைக் கூட்டமும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஓடுகின்றன. வரிகளும் அவற்றோடு வளைந்து செல்கின்றன. அவர் தம்பி எழுத்துகளைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். சொல்லைத் தனியே பிரித்தாலும் படத்தைத் தனியே பிரித்தாலும் அந்நூல் இல்லை. 1929-இல் அந்நூலைப் பாராட்ட விரும்பிய நூலகர்களுக்குக் கையில் இருந்தது எழுத்துக்குரிய பதக்கம் ஒன்றே. ஆகவே நியூபெரிப் பரிசின் அடுத்த நிலை நூல்களுள் ஒன்றாக அதனைச் சேர்த்தனர். அளக்க வேண்டியது துணி. கையில் இருந்தது படி என்பது போன்ற நிலை அது.

ஏன் இந்தத் தாமதம்?

ஓவியருக்கு மதிப்பு பிந்தி வந்தமைக்குக் காரணங்கள் மூன்று கூறலாம்.

முதலாவது, பரிசைத் தீர்மானித்தோர் நூலகர்கள். சொல்லை எடைபோடும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. நடை, பாத்திரம், கதைக்கட்டு என்று பேசும்போது அவர்கள் தம் வீட்டு முற்றத்தில் நிற்பவர் போன்றவர். கோட்டையும் வண்ணத்தையும் எடைபோடுதல் அவர்களுக்குப் புதிய பயிற்சியாயிற்று.

இரண்டாவது, அச்சு. வண்ணப் படங்களை அச்சிடுவது நெடுங்காலம் பெருஞ்செலவுடைய தொழிலாகவே இருந்தது. 1930-களில் ஆப்செட் அச்சுமுறை அமெரிக்காவில் பரவியபின், ஓவியர் வரைந்ததை அதன் மென்மை குன்றாமல் குறைந்த செலவில் பல்லாயிரம் படிகள் எடுக்க முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஓவியர் பலரும் படநூல்கள் வரைந்தனர். படநூல்கள் பெருகிய பிறகே, அவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேவையும் பெருகியது.

மூன்றாவது காரணம் மனப்பான்மை. எழுத்துதான் உடல், படம் அதன்மேல் பூட்டிய நகை என்று பலரும் எண்ணினர். நகையைப் பாராட்டலாம், அதற்குத் தனியே பரிசு எதற்கு?

இம்மூன்றையும் எண்ணிப் பார்த்தவர் மீண்டும் மெல்ச்சரே ஆவார். 1937-இல் அவர் இரண்டாவது பதக்கத்துக்கு வழி வகுத்தார். ஆண்டின் சிறந்த படநூலை வரைந்த ஓவியருக்கு அது உரியது. 1938-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட அப்பதக்கத்தைப் பெற்றவர் யார் தெரியுமா? மரப்பொம்மைக்குப் பாதிப் பணம் கொடுத்த அதே டோரதி லேத்ராப். விவிலியத்தில் வரும் விலங்குகளை அவர் வரைந்திருந்தார். அதற்கு வேண்டிய பகுதிகளைத் தேர்ந்து கொடுத்தவர் ஹெலன் டீன் பிஷ். இம்முறை பதக்கம் ஓவியருக்கு. சொற்பகுதியைத் தேர்ந்தவர் பின்னே நின்றார். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே அமெரிக்காவில் கழிந்த காலம் 16 ஆண்டுகள்.

கால்டிகாட் காட்டிய வழி

இரண்டாவது பதக்கம் ராண்டால்ப் கால்டிகாட் என்னும் ஆங்கில ஓவியர் பெயரால் வழங்கப்படுகிறது. 1846-இல் செஸ்டர் நகரில் பிறந்த அவர், வங்கி எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே வரைந்து பழகியவர். எட்மண்ட் எவன்ஸ் என்னும் இலண்டன் அச்சகத்தார், வண்ணத்துக்கு ஒரு மரக்கட்டையாகச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் படங்களை அச்சிடுவதில் வல்லவர். 1878 முதல் இவ்விருவரும் சேர்ந்து, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் இரண்டு படநூல்கள் வீதம் 16 நூல்களை வெளியிட்டனர். ஒவ்வொன்றின் விலையும் ஒரு ஷில்லிங். உடல்நலம் குன்றிய கால்டிகாட், 1886-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தம் 39-ஆம் வயதில் காலமானார். பதக்கத்தின் ஒரு முகத்தில், அவர் வரைந்த ஜான் கில்பின் என்பவன் அடக்க முடியாத குதிரைமேல் பாய்ந்து செல்லும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது.

கால்டிகாட் செய்த புதுமை யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தட்டு ஒன்று கரண்டியோடு ஓடிப்போயிற்று என்று ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்று முடிகிறது. பாட்டில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. கால்டிகாட் மேலும் ஒரு படம் வரைந்தார். அதில் தட்டு உடைந்து கிடக்கிறது. கத்தியும் முள்ளும், பெண்ணைப் பெற்றோர் போல், கரண்டியை இழுத்துக்கொண்டு போகின்றன. பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. கதை முழுவதும் மாறிவிட்டது. சிரிக்க வந்த குழந்தை சற்றே திகைத்து நிற்கிறது. சொல் நின்ற இடத்திலிருந்து படம் நடக்கத் தொடங்கும் இந்த முறையையே, தற்காலப் படநூலின் தொடக்கம் என்று அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் பாராட்டினார்.

செண்டாக்கும் அவ்வழியில் வந்தவரே. 1964-இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற அவருடைய நூலில், குறும்பு செய்து தண்டிக்கப்பட்ட பையன் ஒருவன் கொடும் விலங்குகளின் நாட்டுக்குப் போய் அரசனாகிறான். நூல் முழுவதிலும் உள்ள சொற்கள் நானூறுக்கும் குறைவு. பையனின் கோபம் வளர வளரப் படங்களும் பெரிதாகி, இறுதியில் சொற்களையே பக்கத்திலிருந்து வெளியேற்றிவிடுகின்றன. கோபம் தணியும்போது சொற்கள் திரும்பி வருகின்றன.

இப்பதக்கத்தின் பயன் காலப்போக்கில் நன்கு விளங்கியது. 1992-இல் டேவிட் வீஸ்னர், சொற்கள் மிகக் குறைந்த படநூல் ஒன்றுக்குப் பதக்கம் பெற்றார். 2010-இல் ஜெர்ரி பிங்க்னி, சிங்கமும் எலியும் என்னும் ஈசாப் கதையை, விலங்குகளின் ஒலிகளைத் தவிர வேறு சொல்லே இல்லாமல் வரைந்து பதக்கம் பெற்றார். தமிழ்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ மொழிபெயர்ப்பின் உதவியின்றியே அந்நூலைப் படித்துவிடலாம். எழுத்துப் பதக்கம் ஒன்றே இருந்திருந்தால் இத்தகைய நூல்களை எந்தப் பெயரால் பாராட்டியிருப்பர்?

இங்கிலாந்தில் இருபது ஆண்டுகள்

அமெரிக்கர் தம் பதக்கங்களுக்கு ஆங்கிலேயர் இருவரின் பெயரை வைத்தனர். ஆங்கிலேயரோ, தம் பதக்கத்துக்கு அமெரிக்காவில் பொருளீட்டிய ஒருவர் பெயரை வைத்தனர். அவர் ஆண்ட்ரூ கார்னகி. ஸ்காட்லாந்தில் ஏழை நெசவாளர் மகனாகப் பிறந்து, அமெரிக்காவுக்குச் சென்று, பதின்மூன்றாம் வயதில் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆண்டர்சன் என்னும் பெரியார் ஒருவர், உழைக்கும் சிறுவர்களுக்குத் தம் சொந்த நூல்களைச் சனிக்கிழமைதோறும் படிக்கக் கொடுத்து வந்தார். அந்நன்றியை மறவாத கார்னகி, பெருஞ்செல்வரான பின் உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்கள் எழப் பொருள் வழங்கினார்.

பிரிட்டிஷ் நூலகச் சங்கம் நிறுவிய கார்னகிப் பதக்கம் 1936-ஆம் ஆண்டின் நூலுக்காக ஆர்தர் ரான்சம் என்பவருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. நடுவர்கள் கண்டிப்பானவர்கள். 1943, 1945, 1966 ஆகிய ஆண்டுகளுக்குத் தகுதியான நூல் இல்லையென்று பதக்கத்தை நிறுத்தியே வைத்தனர்.

ஓவியருக்கென ஒரு பதக்கம் அங்கே 1955-இல் ஏற்படுத்தப்பட்டது. அதற்குக் கேட் கிரீனவே என்னும் ஓவிய அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. கால்டிகாட் பிறந்த 1846 மார்ச்சு மாதத்திலேயே, அவருக்கு ஐந்து நாள் முன்னதாகப் பிறந்தவர் கிரீனவே. அவருடைய முதல் நூலையும் 1879-இல் அச்சிட்டவர் அதே எட்மண்ட் எவன்ஸ். எவன்ஸ் துணிந்து 20,000 படிகள் அச்சிட்டபோது பதிப்பாளர் நகைத்தாராம். படிகளோ விரைவில் விற்றுத் தீர்ந்தன. இரு நாடுகளிலும் ஓவியப் பதக்கங்கள் தாங்கிய இரு பெயர்களும் ஒரே அச்சகத்தின் வாயிலில் சந்திக்கின்றன. அந்த அச்சகத்தார் பெயரை இன்று அறிந்தவர் சிலரே.

1955-ஆம் ஆண்டின் நூல்களுள் ஒன்றும் தகுதியுடையதாகக் கருதப்படவில்லை. ஆகவே முதற் கிரீனவேப் பதக்கம் 1956-ஆம் ஆண்டின் நூலுக்காக எட்வர்ட் ஆர்டிசோனுக்குச் சென்றது. வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தில் 1900-இல் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்றவர் அவர். இங்கும் ஒரு பொருத்தம் உண்டு. 1955-ஆம் ஆண்டின் கார்னகிப் பதக்கத்தை எலினார் பார்ஜன் அம்மையாரின் கதைத்தொகுதி பெற்றது. அத்தொகுதிக்குப் படம் வரைந்தவரும் ஆர்டிசோனே. பார்ஜனை முதலில் அழைத்த மேடை, அவரை அடுத்த ஆண்டு நூலுக்காக அழைத்தது. நாட்டளவில் கணக்கிட்டால், முதல் எழுத்துப் பதக்கத்துக்கும் முதல் ஓவியப் பதக்கத்துக்கும் இடையே நின்றவை 20 ஆண்டுகள்.

இவ்வாறு வந்த பெயரும் நிலைக்கவில்லை. 2023 முதல் அவ்விரு பதக்கங்களும் எழுத்துக்கான கார்னகிப் பதக்கம் என்றும், ஓவியத்துக்கான கார்னகிப் பதக்கம் என்றும் வழங்கப்படுகின்றன. பரிசு ஒன்றே என்னும் ஒருமைப்பாடு இதனால் கிடைத்தது. வரைந்து வாழ்ந்த ஓர் அம்மையாரின் பெயர் அப்பதக்கத்திலிருந்து மறைந்தது.

இடிபாடுகளிடையே படநூல்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனியின் நகரங்கள் இடிந்து கிடந்தன. ஹிட்லர் ஆட்சிக்கு அஞ்சி 1936-இல் இங்கிலாந்து சென்ற யெல்லா லெப்மன் என்னும் யூதப் பெண்மணி, 1945-இல் அமெரிக்கப் படையின் ஆலோசகராகத் தாய்நாடு திரும்பினார். குழந்தைகளுக்கு உணவோடு நூலும் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். பல நாடுகளுக்குக் கடிதம் எழுதி, குழந்தை நூல்களை அனுப்பும்படி வேண்டினார். படநூல்களைச் சிறப்பாகக் கேட்டார். மொழி தெரியாத ஜெர்மன் பிள்ளைகளும் அவற்றைப் படிக்கலாம் அன்றோ? இருமுறை ஜெர்மன் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியம் முதலில் மறுத்தது. மூன்றாவது படையெடுப்பு நேராதிருக்கவே இம்முயற்சி என்னும் கருத்துப்பட அவர் மீண்டும் எழுதினார். பெல்ஜியமும் நூல்களை அனுப்பியது.

1946-இல் மியூனிக் நகரில் அந்நூல்களின் கண்காட்சி நடந்தது. 1949-இல் அங்கேயே அனைத்துலக இளைஞர் நூலகம் திறக்கப்பட்டது. 1953-இல் இளைஞர் நூல்களுக்கான அனைத்துலகக் கழகம் சூரிச்சில் தோன்றியது. அக்கழகம் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பெயரால் ஏற்படுத்திய விருதை 1956-இல் முதன்முதலாகப் பெற்றவர், முன்னே கண்ட எலினார் பார்ஜன்.

மொழி கடந்து செல்வது படம் என்னும் நம்பிக்கையில் பிறந்த இயக்கம் இது. ஆயினும் இதன் விருதும் முதலில் எழுத்தாளருக்கே சென்றது. ஓவியருக்கென விருது வந்த ஆண்டு 1966. சுவிட்சர்லாந்து மலைச் சிறுவன் ஒருவனின் மணியைக் கதைப்பொருளாகக் கொண்ட படநூலால் புகழ்பெற்ற அலோயிஸ் காரிஜியே அதனை முதலில் பெற்றார். இடைவெளி 10 ஆண்டுகள். ஓவிய விருது தொடங்கிய பின் உலகம் விரிந்தது. 1974-இல் ஈரானின் பர்ஷித் மெஸ்காலியும், 1980-இல் ஜப்பானின் சுயேகிச்சி அகாபாவும், 2022-இல் கொரியாவின் சூசி லீயும் அதனைப் பெற்றனர்.

மேடையில் இல்லாத முகங்கள்

எவர் அழைக்கப்படவில்லை என்று கேட்கத் தொடங்கினால், கேள்வி ஓவியரோடு நிற்பதில்லை. 1969-இல் அட்லாண்டிக் நகரில் கூடிய நூலகர் மாநாட்டில், மேபெல் மெக்கிசிக், கிளிண்டன் கிரீர் என்னும் கறுப்பின நூலக அம்மையார் இருவர் மார்ட்டின் லூதர் கிங்கின் படமொன்றை வாங்க வந்த இடத்தில் பேசிக்கொண்டனர். நியூபெரி தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியும் கறுப்பினத்தார் ஒருவரும் அவ்விரு பதக்கங்களையும் பெறவில்லை என்பது அவர்கள் பேச்சில் எழுந்தது. அப்பேச்சின் விளைவாகக் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் பெயரால் 1970-இல் புதிய விருது பிறந்தது. அதிலும் முதலில் எழுத்தாளர், 1974-இல் ஓவியர். இடைவெளி 4 ஆண்டுகளாகச் சுருங்கியிருந்தது.

பழைய பதக்கங்களும் பின்னர் மாறின. 1975-இல் வர்ஜீனியா ஹாமில்டன் நியூபெரிப் பதக்கமும், 1976-இல் லியோ டில்லன் தம் மனைவி டயேனோடு கால்டிகாட் பதக்கமும் பெற்றனர். டில்லன் இணையர் 1977-இலும் அதனைப் பெற்றனர். குறை கூறுவதோடு நில்லாமல் புதிய மேடை ஒன்றை அமைத்துக் காட்டிய இரு நூலகர்களின் செயல், ஆசிரியர் அனைவரும் நினைவில் வைக்கத்தக்கது.

தமிழில் நிலை

தமிழில் குழந்தை எழுத்தாளர்களை ஒன்று திரட்டும் முயற்சி பழமையானது. கவிஞர் அழ. வள்ளியப்பா 1950-இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். இந்தியாவின் சாகித்திய அக்காதெமி 24 மொழிகளுக்கும் பால சாகித்திய புரஸ்கார் என்னும் குழந்தை இலக்கியப் பரிசை 2010-இல் தொடங்கியது. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் கொண்ட அப்பரிசைத் தமிழில் முதலில் பெற்றவர் மா. கமலவேலன்; 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' அவருடைய நூல். 2020-இல் யெஸ். பாலபாரதியும், 2023-இல் உதயசங்கரும், 2024-இல் யூமா வாசுகியும் பெற்றனர். குழந்தைகளுக்கு எழுதுவது சிறு பணி அன்று என்பதை இப்பரிசு நாடறியச் செய்தது.

ஆனால் அது எழுத்தாளருக்குரிய பரிசு. வரைந்தவருக்கு அதில் இடமில்லை. இலக்கியக் கழகம் இலக்கியத்துக்குப் பரிசளிப்பது முறையே. எனினும் மெல்ச்சர் 1937-இல் கேட்ட கேள்வி தமிழுக்கும் பொருந்தும். சங்கர் என்று அறியப்பட்ட கே. சி. சிவசங்கரன், 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இதழில் பல்லாண்டுகள் படம் வரைந்தவர். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளேந்திச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை அவர் கோடுகளால் மனத்தில் பதித்துக்கொண்ட தலைமுறைகள் பல. கதையின் சொற்களை மறந்தவரும் அந்தப் படத்தை மறப்பதில்லை. அவர் 2020-இல் காலமானார். இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அவருக்கு 2021-இல் அறிவிக்கப்பட்டது. வாழ்ந்த தொண்ணூற்றாறு ஆண்டுகளில் வாராத அவ்விருது, மறைந்த சில மாதங்களில் வந்தது.

பதினாறு, இருபது, பத்து, நான்கு என்று உலகில் இவ்விடைவெளி ஒருவாறு நிரம்பியது. தானே நிரம்பவில்லை, ஒரு பத்திரிகை ஆசிரியரும், நூலகச் சங்கங்களும், நூலகர் இருவரும் முன்வந்து நிரப்பினர். பதக்கம் அடிக்கும் பொருள்வளம் ஆசிரியர்களிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் முதல் மதிப்பை அளிக்கும் இடம் வகுப்பறையே. கதைநூலை எடுத்தவுடன் நூலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். அதன்கீழ் இன்னும் ஒரு வரிக்கு இடம் உண்டு. ஓவியர் பெயர் நூலின் உட்பக்கத்தில் சிற்றெழுத்தில் இருக்கும். தேடி எடுத்து எழுதலாம். நூலில் அப்பெயர் அச்சிடப்படவேயில்லை என்றால், அதைப் பதிப்பகத்தாருக்கு எழுதிக் கேட்கலாம். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று சித்திரத்தையும் செந்தமிழையும் பழக்கத்தால் கைவருவன என்று அடுத்தடுத்து வைக்கிறது. அதில் முதலில் நிற்பது சித்திரம்.